கால் கழுவுற தண்ணி

பொறாமை எண்டால் என்னெண்டு ஆருக்கும் விளங்கப்படுத்த வேணுமெண்டால், ஆழ்வாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து தில்லைநாதன்ரை கிணத்தடியிலை நிப்பாட்டினால் காணும். வாய் திறக்கத் தேவையில்லை. அந்த முகமே எல்லாத்தையும் சொல்லிப்போடும்.

யாழ்ப்பாணத்திலை நீர்வேலிக்கும் புத்தூருக்கும் இடையிலை, மெயின் றோட்டாலை கொஞ்சம் உள்ளுக்குப் போனால் வாழையடி எண்டு ஒரு குறிச்சி. அங்கை ஒரு குடிதண்ணிச் சங்கம். ஒரு குழாய்க்கிணறு, ஒரு மோட்டர், உயரத்திலை ஒரு தாங்கி, அதிலை இருந்து வீடு வீடா ஓடுற குழாய். இவ்வளவையும் பாக்கிற ஒப்பரேட்டர்தான் ஆழ்வாப்பிள்ளை. அறுபதை எட்டிப் பாக்கிற வயது. விடிய எழும்பி மோட்டரைப் போடுவார். பெரிய நீலப் பிளாஸ்ரிக் பரலிலை குளோரின் கரைப்பார். பரலுக்குப் பக்கத்திலை ஒரு சின்ன மெசின் இருக்கு, அதிலை ஒரு திருகு. எவ்வளவு மருந்து தண்ணிக்குள்ளை போறதெண்டு அந்தத் திருகுதான் தீர்மானிக்கும். கூடத் திருகினால் சனம் மூக்கைச் சுழிக்கும். குறையத் திருகினால் கிருமி உயிரோடை வீட்டுக்கு வந்து சேரும்.

சரி பாக்கிறதும் லேசு. தாங்கிக்கு ஆகத் தள்ளி இருக்கிற கடைசி வீட்டுக் குழாயிலை தண்ணி பிடிச்சு, சின்னக் கண்ணாடிச் சிமிழுக்குள்ளை விட்டு, ஒரு குளிசை மாத்திரையைப் போடவேணும். ரோசா நிறம் வந்தால் மருந்து மிஞ்சி நிக்குது, பயமில்லாமல் குடிக்கலாம். நிறம் வராட்டி ஆரும் வாயிலை வைக்கக் கூடாது. மாதம் ஒருக்கால் பி.எச்.ஐ., அதுதான் சுகாதாரப் பரிசோதகர், வந்து பாப்பார், மற்ற நாள் எல்லாம் ஆழ்வாப்பிள்ளையின்ரை பொறுப்பு.

அந்தப் பொறுப்பை மனிசன் வடிவாத்தான் செய்தார், சும்மா சொல்லக்கூடாது. புயல் அடிச்ச அண்டைக்கும் தாங்கியடியிலை நிண்டவர். மோளின்ரை கலியாணத்தண்டைக்கும் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு போய் மருந்து கரைச்சுப்போட்டு வந்துதான் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்றவர். ஆனால் சனம் இருக்கே, சனம்! அதுகளுக்கு நன்றி எண்ட சாமான் கிடையாது. "ஆழ்வாண்ணை, உங்கடை தண்ணியிலை தேத்தண்ணி போட்டால் ஆஸ்பத்திரியிலை இருந்து குடிக்கிற மாதிரி கிடக்கு" எண்டு பல்லைக் காட்டுங்கள். பொழுது சாயத் தொடங்கினால் சைக்கிள் கரியரிலை பிளாஸ்ரிக் தண்ணிக் கானைக் கட்டிக்கொண்டு எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் போகுங்கள். தில்லைநாதன்ரை கிணத்தடிக்கு.

தில்லைநாதன் ஆர் எண்டு கேட்டால், ஆழ்வாப்பிள்ளையோடை ஒரே வாங்கிலை இருந்து படிச்சவன். வாழைத்தோட்டக்காரன். அவன்ரை வீடு தாங்கிக்கு நேர் எதிரை. கிணத்துத் தண்ணி இளநி மாதிரி இனிக்கும். கேட்டவருக்கெல்லாம் சும்மா குடுப்பான். கையிலை காசு வாங்கான், முகத்திலை ஒரு சிரிப்பு வேறை. அந்தச் சிரிப்புத்தான் ஆழ்வாப்பிள்ளைக்கு ஆகலும் எரிச்சல். காசு வாங்கினாலும் பரவாயில்லை, வியாபாரி எண்டு ஏசலாம். சும்மா குடுக்கிறவனை என்னெண்டு ஏசிறது?

இது இண்டைக்கு நேற்றுத் தொடங்கின எரிச்சல் இல்லை. பள்ளிக்கூடத்திலை ஆழ்வாப்பிள்ளை விடிய விடியப் படிச்சு ரெண்டாம் பிள்ளையா வந்தால், தில்லைநாதன் விளையாடிப்போட்டு வந்து முதலாம் பிள்ளை. பிறகு சண்டைக்காலத்திலை ரெண்டு பேரும் குடும்பத்தோடை இடம்பெயர்ந்து வன்னிக்குப் போனவை. அங்கைதான் ஆழ்வாப்பிள்ளை மோட்டர் திருத்தப் பழகினவர். திரும்பி வந்து பாத்தால் ஆழ்வாப்பிள்ளையின்ரை வீடு கல்லுக் குவியல், கிணறு ஷெல் விழுந்து இடிஞ்சு தூந்துபோய்க் கிடக்கு. தில்லைநாதன்ரை வீட்டிலை ஓடு மட்டும் போயிருந்தது. கிணத்துக்கட்டிலை ஒரு கீறல் கூட இல்லை. "ஷெல்லுக்குக் கூட அவனிலை ஒரு பட்சம்" எண்டு ஆழ்வாப்பிள்ளை மனிசி உதயகலாவிட்டைச் சொன்னவர். பகிடியாத்தான் சொன்னவர் எண்டு அவ நினைச்சா. பகிடி இல்லை.

அதுக்குப் பிறகு சங்கம் வந்தது, தாங்கி எழும்பிச்சுது, ஒப்பரேட்டர் வேலையும் கிடைச்சுது. தாங்கிக்கு மேலை ஏறி நிண்டு தில்லைநாதன்ரை கிணத்தைக் குனிஞ்சு பாத்த அண்டைக்கு ஆழ்வாப்பிள்ளைக்கு நெஞ்சு குளிர்ந்துபோச்சு. ஆனைக்கொரு காலம், பூனைக்கொரு காலம். இனி ஊர் குடிக்கிறது என்ரை தண்ணி, அவன்ரை கிணத்துக்குள்ளை தவளை கத்தட்டும் எண்டு நினைச்சார்.

எங்கை நடந்தது! ஒரு கலியாண வீட்டிலை நடந்ததைக் கேளுங்கோ. வாசலிலை ரெண்டு பரல் வைச்சிருந்தாங்கள். பந்தல் வேலைக்கு வந்த ஒருத்தன் தண்ணி குடிக்கக் குவளையோடை வர, சமையல்காரன் உள்ளுக்கிருந்து கத்தினான்: "டேய், உதிலை அள்ளாதை! உது குழாய்த் தண்ணி, கால் கழுவுறதுக்கு. குடிக்கிறதெண்டால் மற்றதிலை அள்ளு, அது தில்லையண்ணையின்ரை கிணத்துத் தண்ணி." ஆழ்வாப்பிள்ளை அப்பத்தான் பட்டுவேட்டியோடை படலைக்குள்ளை கால் வைக்கிறார். காதிலை ஈயத்தைக் காய்ச்சி ஊத்தின மாதிரிப் போச்சு. மொய்யை எழுதிப்போட்டுச் சாப்பிடாமல் திரும்பி வந்திட்டார்.

அண்டையிலை இருந்து அந்தப் பேர் ஒட்டிப்போச்சு. கால் கழுவுற தண்ணி. ஊர் வாயை மூட உலைமூடி இருக்கே?

இந்த நிலையிலை பிள்ளையார் கோயில் தேர் வந்தது. தேருக்கு வருசா வருசம் தண்ணீர்ப்பந்தல் போடுறது தில்லைநாதன். இந்த முறை சங்கமும் ஒரு பந்தல் போடவேணும் எண்டு கூட்டத்திலை ஒற்றைக்காலிலை நிண்டார் ஆழ்வாப்பிள்ளை. தலைவர் தயங்கினார். "சனம் குடிக்குமோ, ஆழ்வாப்பிள்ளை?" எண்டு கேட்டார். "குடிக்கும். அதுக்கு நான் பொறுப்பு" எண்டு மேசையிலை தட்டினார் இவர்.

தட்டிப்போட்டு வந்து மோட்டர் கொட்டிலுக்குள்ளை தனிய இருந்து யோசிச்சார். என்ன பொறுப்பு? குளோரின் மணத்தோடை சர்பத் கரைச்சால் ஒரு மிடறு குடிச்சுப்போட்டு வீதியிலை துப்பிப்போட்டு, எதிர்ப்பந்தலுக்கு ஓடுவாங்கள். தில்லைநாதன் சிரிச்சுக்கொண்டு ஊத்திக் குடுப்பான். அந்தச் சிரிப்பைக் காண இவராலை ஏலாது. எழும்பிப் போய் மெசினின்ரை திருகைப் பிடிச்சார். எத்தினை வருசமாச் சரியா நிண்ட திருகு. தேர் முடியத் திருப்பி விட்டால் போச்சு எண்டு தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இறுக்கித் திருகிக் குறைச்சுப்போட்டார்.

தேரண்டு என்ன நடந்தது தெரியுமோ? கூட்டம் குவிஞ்சு போச்சு. "அட, இது குழாய்த் தண்ணியே? தேன் மாதிரி எல்லோ கிடக்கு!" எண்டு சனம் குவளையை நீட்டி நீட்டிக் கேட்டுக் குடிச்சுது. தில்லைநாதன்ரை பந்தலிலை இலையான்தான் மொய்ச்சுது. பின்னேரம் தில்லைநாதனே வந்து ஒரு குவளை வாங்கிக் குடிச்சுப்போட்டு, "ஆழ்வான், நல்லாக் கிடக்கடா" எண்டு தோளிலை தட்டினான். அந்த ஒரு தட்டு! பிள்ளையாரே தேரிலை இருந்து இறங்கி வந்து தட்டியிருந்தாலும் ஆழ்வாப்பிள்ளைக்கு அவ்வளவு சந்தோசம் வந்திராது. வீட்டை வந்து உதயகலாவிட்டை அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னவர்.

தேர் முடிஞ்சுது. திருகு திரும்பேல்லை.

நாளைக்குத் திருப்புவம், நாளைக்குத் திருப்புவம் எண்டு இருந்தவர்தான். ஆனால் பின்னேரங்களிலை தாங்கிக்கு மேலை ஏறி நிண்டு பாத்தால், தில்லைநாதன்ரை கிணத்தடிக்குப் போற கான் குறைஞ்சுகொண்டு வருது. அதைப் பாத்த கண்ணுக்கு வேறை ஒண்டும் தெரியேல்லை. பி.எச்.ஐ. பிறேம் நல்ல பெடியன், மரியாதையான பெடியன், "ஐயா, நாளைக்கு வாறன்" எண்டு முதல் நாளே போன் எடுத்துச் சொல்லுவான். சொன்ன உடனை இவர் ஓடிப்போய்த் திருகைக் கூட்டி விடுவார். பிறேம் வந்து குளிசையைப் போட ரோசா நிறம் பளிச்செண்டு வரும். அவன் மோட்டச்சைக்கிள் முடக்குத் திரும்ப, திருகு பழையபடி குறைஞ்சிடும்.

"இஞ்சாருங்கோ, தண்ணியிலை இப்ப மணமே இல்லை. மருந்து போடுறனீங்கள்தானே?" எண்டு உதயகலா ஒருநாள் கேட்டா.

"மணந்தாலும் குற்றம், மணக்காட்டியும் குற்றம். உனக்கென்ன விசரே?" எண்டு பாய்ஞ்சார். அவ பிறகு கேக்கேல்லை. பேசாமல் குடிக்கிற தண்ணியைக் கொதிக்க வைக்கத் தொடங்கிட்டா. அதைக் கண்டும் காணாத மாதிரி இருந்தார் மனிசன்.

இவ்வளவோடை நிண்டிருந்தாலும் ஒருவேளை தப்பியிருப்பார். பொறாமை நிக்க விடுமே? தில்லைநாதன்ரை கிணத்தடிக்கு இன்னும் அஞ்சாறு பேர் போய்க்கொண்டுதான் இருந்தினம். முந்தி நூறு பேர் போகேக்கை வராத எரிச்சல் இப்ப அந்த அஞ்சாறு பேரிலை வந்தது. பிறேமைத் தனியக் கூப்பிட்டு, "தம்பி, நான் சொன்னதெண்டு வெளியிலை சொல்லாதேங்கோ. ஊருக்குத் தண்ணி குடுக்கிற கிணறு, ஒருசொட்டு மருந்து இல்லை. நாளைக்கு ஆருக்கும் ஒண்டு நடந்தால் ஆர் பதில் சொல்லுறது? ஒருக்கால் போய்ப் பாருங்கோவன். அதுவும் சொல்லிப்போட்டுப் போகாதேங்கோ, சொன்னால் கழுவித் துடைச்சு வைச்சிடுவான்" எண்டு நல்லபிள்ளை மாதிரி ஓதிவிட்டார்.

பிறேம் தலையாட்டினான். எதிரிக்குச் சகுனப்பிழையா இருக்கட்டும் எண்டு தன்ரை மூக்கை அறுத்தவனை நாங்கள் கதையிலைதான் கேள்விப்பட்டிருக்கிறம். இவர் கத்தியையும் தீட்டிக் கையிலை குடுத்தவர்.

மாரி தொடங்கினது. விடாத மழை. வளவெல்லாம் வெள்ளம், கக்கூஸ் குழியளும் நிரம்பி வழியுது. அப்பிடியான ஒரு காலமை, மழை கொஞ்சம் விட்ட நேரம், ஆழ்வாப்பிள்ளை மோட்டர் கொட்டிலுக்குள்ளை இருந்து எட்டிப் பாக்க, பிறேமின்ரை மோட்டச்சைக்கிள் தில்லைநாதன் வீட்டுப் படலையிலை நிக்குது. மனிசனுக்குக் கால் நிலத்திலை படேல்லை. கிணத்துக்குச் சீல் வைக்கிறதை நேரிலை பாக்கவேணும் எண்டு சேட்டை மாட்டிக்கொண்டு வெளிக்கிட, பிறேம் அங்கையிருந்து நேரே இவரிட்டை வந்தான். அவன்ரை முகம் சரியில்லை.

"ஐயா, நீங்கள் சொன்னபடி சொல்லாமல் வந்தனான், தில்லைநாதன் ஐயா வீட்டிலை ஒருத்தரும் இல்லை. அவரின்ரை கிணத்தை நாங்கள் முந்தியே சோதிச்சு, சொல்லவேண்டியதை அவருக்குச் சொல்லியிருக்கிறம். அதை அவர் வடிவா நடத்துறார். இஞ்சாலை வர முதல் உங்கடை கடைசி வீட்டுக் குழாயிலையும் பாத்தனான். குளிசை போட்டும் நிறம் வரேல்லை."

மற்ற நாளெண்டால் தில்லைநாதன்ரை கிணத்துக்கு என்ன சொன்னனீங்கள், என்ன குறை எண்டு துள்ளியிருப்பார். இப்ப அது காதிலை ஏறேல்லை.

"மெ... மெசின் அடைச்சுப்போச்சுப் போல, தம்பி."

"நடுவிலை ரெண்டு வீட்டிலையும் பாத்தனான். ஒண்டிலையும் இல்லை. இந்த மழைக்குள்ளை, ஐயா! எங்கடை நிலம் சுண்ணாம்புக் கல்லு. ஒரு குழியிலை விட்டது எந்தக் கிணத்திலை வரும் எண்டு கடவுளுக்குத்தான் தெரியும். இப்பவே மருந்தைச் சரியா விடுங்கோ. தாங்கியையும் குழாயையும் கழுவி நான் திரும்பச் சோதிக்கிற வரைக்கும் ஆரும் பச்சையாக் குடிக்கக் கூடாது. வீடு வீடாப் போய் இண்டைக்கே சொல்லுங்கோ, நான் மற்றப் பக்கத்தாலை சொல்லிக்கொண்டு வாறன்."

திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து விட்டுப்போட்டு, ஆழ்வாப்பிள்ளை குடையைப் பிடிச்சுக்கொண்டு இறங்கினார். "மெசின் பழுது. தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடியுங்கோ." ஒவ்வொரு படலையிலையும் இதே பொய். சனம் ஏசும் எண்டு பாத்தால், ஏசேல்லை. "பரவாயில்லை அண்ணை, மெசின் எண்டால் பழுதாகும்தானே" எண்டுதுகள். ஏசியிருந்தால் நல்லா இருந்திருக்கும்.

ஒரு விசயம்தான் இவருக்கு விளங்கேல்லை. கைக்குழந்தை இருக்கிற வீடு எதுக்குப் போனாலும் தாய்மார் முகம் வாடி நிக்கினம். ஒரு வீட்டிலை பிள்ளைக்கு வயித்தோட்டம். அடுத்த ஒழுங்கையிலை இன்னொரு பிள்ளைக்குக் குடிச்ச பாலெல்லாம் சத்தி, காய்ச்சல் வேறை. பெரியாக்கள் கனபேர் நல்லாத்தான் இருக்கினம், குஞ்சுகுருமனுக்குத்தான் சுகமில்லை. மழைக்காலம், வரும்தானே எண்டு தன்னைத்தானே ஆத்திக்கொண்டு நடந்தார்.

தில்லைநாதன் வீட்டைக் கடைசிக்கு வைச்சிருந்தவர். பின்னேரம் போகேக்கை படலை திறந்து கிடந்தது. முத்தத்துக் குழாயடியிலை தில்லைநாதன் குந்தியிருந்து ஒரு பிளாஸ்ரிக் போத்தலுக்குத் தண்ணி பிடிக்கிறான். குழாய்த் தண்ணி! பத்தடி தள்ளி அந்தப் பேர்போன கிணறு இருக்க, மனிசன் குழாயிலை பிடிக்கிறான்.

சொன்னால் நம்பமாட்டியள், அந்தக் கோதாரி விழுந்த நெஞ்சு அப்பவும் முதல் ஒருக்கால் துள்ளினது. 'தில்லைநாதன் என்ரை தண்ணியைக் குடிக்கிறான்!' நாப்பது வருசமாக் காத்திருந்த துள்ளல். அது அடங்க முதல் தில்லைநாதன் நிமிர்ந்து பாத்தான். சிரிப்பு இல்லை. நித்திரை இல்லாத கண்.

"ஆழ்வானே? வா. நான் ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுறன். கீர்த்திகாவின்ரை பிள்ளைக்கு ஏலாமல் போச்சு, ராத்திரி கொண்டுபோக வாட்டிலை மறிச்சுப்போட்டாங்கள். சேலைன் ஏறுது." கீர்த்திகா அவன்ரை மருமோள். பிள்ளைக்கு எட்டு மாதம், தவழத் தொடங்கின பேத்தி. "டொக்டர் கேட்டவர், பிள்ளை என்ன தண்ணி குடிக்கிறதெண்டு. எங்கடை ஆழ்வான் பாக்கிற தண்ணி, அதிலை ஒரு பிழையும் இராது, நாங்கள் கொதிக்க வைக்கிறதும் இல்லை எண்டு சொன்னனான். அப்ப சாப்பாட்டிலைதான் ஏதோ எண்டு அதை ஆராயினம். பிள்ளை முழிச்சால் குடுக்க அதே தண்ணியிலை கொஞ்சம் கொண்டு போறன். அவளுக்கு இதுதான் பழக்கம்."

போத்தல் நிரம்பிச்சுது. தில்லைநாதன் மூடியைத் தேடினான்.

மெசின் பழுது எண்டு சொல்லலாம். கொதிக்க வைச்சுக் குடு எண்டு சொல்லலாம். ஊர் முழுக்கச் சொன்ன பொய், இன்னும் ஒரு வீட்டிலை சொல்லிறதுக்கு என்ன? ஆனால் ஆஸ்பத்திரியிலை ஒரு டொக்டர் இவரின்ரை பேரை நம்பி வேறை எங்கையோ தேடிக்கொண்டு இருக்கிறார். ஆழ்வாப்பிள்ளை குடையைப் போட்டுப்போட்டு வந்து போத்தலைப் பறிச்சு நிலத்திலை ஊத்தினார்.

"டேய், என்னடா செய்யிறாய்?"

"குடாதை, தில்லை. அதிலை மருந்து இல்லை. நான்தான் திருகைக் குறைச்சு விட்டனான். தேரிலை இருந்து. போய் டொக்டரிட்டைச் சொல்லு. இல்லை, நானும் வாறன், நானே சொல்லுறன்."

தில்லைநாதன் மெதுவா எழும்பினான்.

"ஏன்ராப்பா? உனக்குத் தெரியாத வேலையே? ஏன் குறைச்சனி?"

"உன்ரை தண்ணி மாதிரி இருக்கவேணும் எண்டு." ஆழ்வாப்பிள்ளை கிணத்தடியைக் கை காட்டினார். "உன்ரை தண்ணியைத்தானே எல்லாரும் குடிக்கிறாங்கள்."

"என்ரை தண்ணியோ?" தில்லைநாதன் கிணத்துப் பக்கம் திரும்பிப் பாத்தான், பிறகு இவரைப் பாத்தான். "உந்த வாழைக்குப் போட்ட யூரியா முழுக்க அதுக்குள்ளைதானேடா கிடக்கு. கைக்குழந்தையளுக்குக் குடுக்கவே கூடாதெண்டு பி.எச்.ஐ. எப்பவோ சொல்லிப்போட்டார். பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர் கானோடை வந்தால் நான் அள்ள விடுறேல்லை. ஆழ்வான்ரை தண்ணியைக் குடுங்கோ, அவன் உயிர் போனாலும் பிழை விடமாட்டான் எண்டு சொல்லித்தான் ஒவ்வொரு தாயையும் திருப்பி அனுப்பினனான்."